கிழக்குத் தாம்பரம் பக்கம் மரம் நிறைந்த தெருவில் வீடு வாங்கலாமா? (விவாத இழை)

கேள்வி, 2025 ஜூன் 8

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் வீடு தேடுகிறோம். இரண்டு இடம் பிடித்திருக்கிறது. ஒன்று அரை கிரவுண்டில் (1,200 சதுர அடி) 30 வருடப் பழைய தனி வீடு, பின்னால் மா, வேம்பு. இன்னொன்று அதே விலையில் புது ஃபிளாட், மூன்று பெட்ரூம், ஜன்னலைத் திறந்தால் பச்சை. இவ்வளவு மரம் இருக்கிற இடத்தில் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும், எதை வாங்கினாலும் நஷ்டமில்லை என்பது என் கணக்கு. சரியா?

ஜூன் 8, இரவு

கணக்கின் முதல் பாதியே தவறு. இந்தப் பகுதி பச்சையாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பெரிய வளாகங்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் இங்கே வந்து 365 ஏக்கரைக் காடாக வைத்திருக்கிறது. விமானப்படைத் தளம், சானடோரியம் ஆஸ்பத்திரி வளாகம் எல்லாம் பெரிய வேலிக்குள் இருப்பதால் மரம் தப்பியது. இவை மேட்டு நிலத்துப் பச்சை.

இன்னொன்று ஏரிப் பாசனத்துப் பச்சை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் ஏரி உள்ள ஊர்கள். ஏரிக்குக் கீழே நெல் விளைந்த நஞ்சையைத்தான் பிறகு மனை போட்டார்கள். அங்கே கையால் தோண்டினால் ஈரம் தெரியும், மரம் செழிக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பதும் அங்கேதான். தெருவில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மரத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் அது நிற்கிற மட்டத்தைப் பாருங்கள். பேப்பர், விலை, பேரம் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஜூன் 9

மட்டம் பார்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். போன் காட்டும் உயரத்தை நம்பவே வேண்டாம், பல மீட்டர் முன்பின் காட்டும். நமக்கு வேண்டியது அரை அடி வித்தியாசம்.

கொத்தனார்கள் பயன்படுத்தும் லெவல் டியூப் போதும். 10 மி.மீ. கண்ணாடி டியூப் 60 அடி வாங்கி, காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வீட்டுக் கடைக்கால் மேல்மட்டத்தில் பிடித்து, மறுமுனையைத் தெருவுக்குக் கொண்டு போங்கள். ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வீட்டுத் தரை, கேட் வாசல், தெரு நடு முதுகு, மழைநீர் வடிகாலின் மேல்மூடி, தெரு முனை. டியூப் எட்டாத தூரத்தைத் துண்டு துண்டாக அளந்து கூட்டிக்கொள்ளலாம். ஏரி பக்கத்தில் இருந்தால் கலங்கல் மட்டமும், அதாவது ஏரி நிரம்பி உபரி வழியும் இடத்தின் மட்டமும் வேண்டும். கலங்கலை விட உங்கள் தரை தாழ்வு என்றால் ஏரி நிரம்பும்போது உங்களைக் காப்பது கரை மட்டும்தான்.

தெரு முதுகிலிருந்து வீட்டுத் தரை குறைந்தது மூன்று அடி உயரம் இருக்கட்டும். இன்றைக்கு மூன்று அடி இருந்தால் 15 வருடத்தில் இரண்டாகும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போடுவது இன்னும் பல தெருக்களில் நடக்கிறது. வீட்டுக்குள் இறங்கிப் போகிற மாதிரி படி வைத்த பழைய வீடுகள் அந்தத் தெருவில் எத்தனை என்று எண்ணுங்கள். ரோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஜூன் 9, இன்னொன்று

தண்ணீர் எங்கே போகிறது என்பதும் சேர்ந்ததுதான். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் உபரி செம்பாக்கம் ஏரிக்கு, அங்கிருந்து நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு. இந்தச் சங்கிலியை இணைக்கிற வாய்க்கால்களில் பல இன்று தெருவோரச் சாக்கடை மாதிரி குறுகிப் போயிருக்கின்றன. வருவாய்த்துறையின் கிராம வரைபடத்தை வாங்கி வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். உங்கள் மனைக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் எத்தனை வீடு? கிராமத்து நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் நஞ்சையா புஞ்சையா என்றும் இருக்கும். நஞ்சை என்றால் உடனே வேண்டாம் என்றில்லை. மட்டத்தை இரண்டு முறை அளக்க வேண்டும் என்று பொருள்.

ஜூன் 10

"2015 வெள்ளத்தில் தாம்பரமே மூழ்கியது, பிறகு கிழக்கு என்ன மேற்கு என்ன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வித்தியாசம் பெரியது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. ஆனால் மேற்கே உள்ள முடிச்சூர், வரதராஜபுரத்தை முக்கியமாக மூழ்கடித்தது அடையாறு. ஆற்று வெள்ளம் மாடி வரை வரும், வடிய நாட்கள் ஆகும். கிழக்கில் பிரச்சினை ஏரி உபரியும் அடைபட்ட வாய்க்காலும். பெரும்பாலும் முழங்கால் அளவுத் தண்ணீர், தெருவுக்குத் தெரு மாறும். அதனால்தான் இங்கே மொத்த ஏரியாவுக்கும் சேர்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஒரே நகரில் மூன்றாவது தெரு காய்ந்திருக்கும், ஐந்தாவது தெருவில் படகு வேண்டியிருக்கும். 2015-ஐயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் தனித்தனியாகக் கேளுங்கள். விற்பவரிடம் வேண்டாம். இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுபவர், எதிர்வீட்டு வாடகைக்காரர், இந்த மூவரில் இருவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம்.

ஜூன் 14

பழைய வீட்டுக்கு வருவோம். 30 வருட வீட்டில் நிலத்துக்குத்தான் விலை, கட்டடத்துக்கு இல்லை என்று புரோக்கர் சொல்வார். அது விற்பவர் இடிக்கிற நிலையில் கொடுக்கும்போதுதான் உண்மை. நீங்கள் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் இவற்றைப் பாருங்கள்.

சீலிங்கை மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. சொத்தென்று கேட்கும் இடத்தில் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட் மூடு கழன்றிருக்கிறது. பாத்ரூமுக்குக் கீழும் சன்ஷேடு ஓரத்திலும்தான் முதலில் தொடங்கும். அங்கொன்று இங்கொன்று என்றால் சரிசெய்யலாம்: கழன்றதை உடைத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலவையால் மூட வேண்டும். ஹால் சீலிங் முழுக்கச் சத்தம் மாறினால் தளத்தையே மாற்ற வேண்டி வரும், அது வேறு பட்ஜெட்.

சுவரின் அடிப்பாகத்தில் இரண்டு மூன்று அடிக்கு உப்பு பொரிந்திருந்தால் நிலத்து ஈரம் ஏறுகிறது. புதுப் பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். பீரோவுக்குப் பின்னால் பாருங்கள், அங்கே பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள். மொட்டை மாடியில் தட்டோடு, அதன் கீழே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு. நாலு வாளித் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஓடாமல் தேங்கினால் சாய்மானம் போய்விட்டது.

மரம் உள்ள வீட்டில் கரையான் தனி விஷயம். நிலை, ஜன்னல் சட்டங்களின் அடியில் சாவியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் மரம் பொடியாகிவிட்டது.

ஜூன் 15

ஃபிளாட். இங்கே பார்க்க வேண்டிய முதல் எண் யு.டி.எஸ்., அதாவது உங்கள் பெயருக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 2019 விதிகளின்படி உயரம் குறைந்த கட்டடத்துக்கு நிலத்தைப் போல் இரண்டு மடங்கு, 4,800 சதுர அடி கட்டலாம். நாலு ஃபிளாட் என்றால் ஆளுக்குச் சுமார் 600 சதுர அடி நிலம் வர வேண்டும். உங்கள் பத்திரத்தில் 480 என்று இருந்தால் மீதி யார் பெயரில் நிற்கிறது என்று கேளுங்கள். சில பில்டர்கள் மொட்டை மாடி உரிமையோடு ஒரு துண்டைத் தன் பெயரில் வைத்துக்கொள்வார்கள். பத்து வருடம் கழித்து அதில்தான் சண்டை வரும். எல்லா ஃபிளாட்டுகளின் பங்கையும் கூட்டினால் மொத்த நிலம் வர வேண்டும், ஒரு சதுர அடி கூடக் குறையக் கூடாது.

இரண்டாவது, "1,200 சதுர அடி" என்பது எந்த அளவு? மாடிப்படி, நடைபாதை, சுவர் எல்லாம் சேர்த்துச் சொல்வது. உள்ளே நடக்கிற இடம், கார்ப்பெட் ஏரியா, 900-க்கும் கீழே போகலாம். டேப்பை எடுத்துப் போய் ஒவ்வொரு அறையையும் அளந்து கூட்டுங்கள்.

ஜூன் 15, மாலை

"ரெரா (கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம்) இருக்கும்போது ஏன் பயம்?" என்ற கேள்விக்கு: 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது 8 ஃபிளாட்டுக்கு மேற்படாத கட்டடம், ரெரா பதிவுக்கு வராது. ஒரு கிரவுண்டு 223 சதுர மீட்டர், இரண்டு கிரவுண்டு 446. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் உள்தெருக்களில் எழும்புவதில் பெரும்பகுதி இந்த அளவுதான். ஆகவே கட்டுமான ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் பாதுகாப்பு. ஒப்படைக்கும் தேதி, தாமதத்துக்கு மாத வாடகை, கம்பி சிமெண்ட் பிராண்டு, லிஃப்ட் கம்பெனி, கார் நிறுத்தும் இடம் வரைபடத்தில் எண்ணோடு, எல்லாம் எழுத்தில் வர வேண்டும். பிளானில் உள்ள பக்க இடைவெளியையும் டேப்பால் அளந்து பாருங்கள். காகிதத்தில் ஐந்து அடி, நேரில் மூன்று அடி என்பது சர்வ சாதாரணம்.

ஜூன் 22

இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னீர்கள். ஜன்னலுக்கு எதிரே தெரிகிற பச்சை யாருடையது? பக்கத்து மனையில் நிற்கும் மாமரம் பக்கத்து மனைக்காரருடையது. அவர் பிள்ளைகள் பில்டரோடு கூட்டுக்கட்டுமானத்துக்குக் கொடுத்த மறு மாதம் அது விறகு. 2,400 சதுர அடியில் ஸ்டில்ட்டுக்கு (தூண் மேல் நிற்கும் கார் நிறுத்தத் தளம்) மேல் மூன்று மாடி எழும்பினால் உங்கள் ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி ஒரு சுவர் வரும். விதிப்படி அவர் கட்டலாம், நீங்கள் தடுக்க முடியாது.

நிலைக்கிற பச்சை எது என்று தேடுங்கள். கல்லூரி வளாகத்து வேலி, ஏரிக்கரை, லேஅவுட் போடும்போது உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்த பூங்கா நிலம். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அங்கீகரித்த லேஅவுட் வரைபடத்தில் அது தனி நிறத்தில் தெரியும். வரைபடத்தில் பூங்கா, நேரில் கோயிலும் கார் ஷெட்டும் என்றால் "பூங்கா எதிரே" என்று கூடுதலாகக் கேட்கும் விலையைக் கொடுக்காதீர்கள். இந்தக் கோணத்தில் பார்த்தால் அரை கிரவுண்டானாலும் தனி வீட்டுக்குத்தான் என் ஓட்டு. அங்கே உள்ள இரண்டு மரமாவது உங்கள் கையில் இருக்கும்.

ஜூலை 3

பேப்பர். இதை வக்கீல் பார்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள். பாங்க் வக்கீல் பார்ப்பது பாங்கின் பணத்துக்காக. உங்களுக்கென்று தனியாக ஒருவரை வையுங்கள். என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை கைமாறிய ஒவ்வொரு பத்திரமும், குறைந்தது 30 வருடத்துக்கு. வில்லங்கச் சான்று ஆன்லைனில் எடுக்கலாம், ஆனால் அதில் வராதவை உண்டு: உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதிவாகாத குடும்ப ஏற்பாடு, நடந்துகொண்டிருக்கிற வழக்கு. இன்னொரு கண்ணி, சார்பதிவகங்கள் பிரிந்தது. இன்று சேலையூர் சார்பதிவகத்தில் வரும் சொத்தின் பழைய பதிவுகள் வேறு அலுவலகத்தில் கிடக்கும். இரண்டிலும் சான்று எடுக்காவிட்டால் நடுவில் சில வருடம் விட்டுப்போகும். அடமானம் ஒளிந்திருப்பது அந்த இடைவெளியில்தான்.

சர்வே எண்ணும் மாறியிருக்கும். 1980-களின் பத்திரத்தில் கிராம சர்வே எண், இன்றைய பட்டாவில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண். இரண்டும் ஒரே நிலம்தான் என்பதற்கு வருவாய்த்துறையின் பதிவு நகல் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு எண்ணுக்குப் பணம் கொடுத்து இன்னொரு எண்ணில் குடியிருப்பீர்கள்.

ஜூலை 4

நேற்று விட்டது. பரம்பரைச் சொத்து என்றால் மகள்களின் கையெழுத்து. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமைச் சட்டம் வந்துவிட்டது. "கல்யாணத்துக்கே செய்துவிட்டோம், அவள் கேட்க மாட்டாள்" என்கிற வாய்ப் பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது. பவர் வைத்து விற்பவர் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்று இல்லாமல் நகர வேண்டாம். வெளிநாட்டில் இருந்தால் வீடியோ அழைப்பில் ஒரு முறை பேசிவிடுங்கள்.

ஜூலை 12

அங்கீகாரம் இல்லாத மனை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வரம்புத் தேதி 2016 அக்டோபர் 20. அதற்கு முன் பதிவான மனையை 2017 விதிகளின்படி வரன்முறைப்படுத்த வழி வைத்தார்கள். வரன்முறை ஆணையில் உள்ள மனை எண், அளவு, நான்கு எல்லை மூன்றும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். லேஅவுட்டுக்குக் கொள்கையளவில் அனுமதி கிடைத்தது வேறு, உங்கள் மனைக்கு ஆணை கிடைத்தது வேறு. விற்பவர் முதலாவதைக் காட்டி இரண்டாவதும் இருப்பதாகச் சொல்வார்.

நீர்நிலைப் புறம்போக்கில் எந்த வரன்முறையும் கிடையாது. 40 வருடம் வீட்டுவரி கட்டியிருந்தாலும், கரண்ட் கனெக்‌ஷன் இருந்தாலும் அது பட்டா ஆகாது. கோயில் நிலமும் அப்படியே. பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் அந்த சர்வே எண்ணுக்கு மதிப்பு பூஜ்யம் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே பார்க்க வேண்டிய இன்னொன்று நகர்ப்புற நில உச்சவரம்பு, அதாவது ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு அரசு வைத்த வரம்பு. 1978 சட்டம், 1999-இல் நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் அரசு எடுத்துக்கொண்ட நிலங்கள் காகிதத்தில் அரசுடையவையாகவே இருக்கின்றன, மேலே வீடு இருக்கும். பெரிய தோட்டம் அல்லது பண்ணையாக இருந்து மனையானது என்றால் இந்த ஒரு சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

ஜூலை 20

தண்ணீர். போர் எத்தனை அடி என்று கேட்காதீர்கள், மோட்டார் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஓட்டியும் பாருங்கள். இங்கே கீழே கடினப்பாறை. அதன் மேல் மக்கிய அடுக்கில்தான் தண்ணீர் தேங்குகிறது. அந்த அடுக்கு மெலிதாக இருக்கும் இடத்தில் 300 அடி போட்டாலும் 20 நிமிடத்தில் காற்று வரும். பழைய வீட்டில் கிணறு இருந்தால் அது வரம். மூடி காங்கிரீட் போட்டு கார் நிறுத்த ஆசைப்படாதீர்கள். கிணற்றுச் சுவரில் பாசிக் கோடுகளைப் பாருங்கள், மழைக்கால மட்டமும் கோடை மட்டமும் அங்கே எழுதியிருக்கும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். 500-க்குள் இருந்தால் நல்லது, 2,000 இந்தியத் தர நிர்ணயத்தின் கடைசி எல்லை. ஒரு பக்கெட் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் அடியில் மஞ்சள் படிந்தால் இரும்பு.

ஜூலை 21

நேற்றையதற்கு மேல். டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் ஒவ்வொரு வீட்டிலும் செப்டிக் டேங்க். கிணற்றுக்கும் டேங்க்குக்கும் 50 அடியாவது வேண்டும் என்பார்கள். 30-க்கு 40 மனையில் அது முடியவே முடியாது. உங்கள் டேங்க் தள்ளியிருந்தாலும் பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் கிணற்றடியில் இருக்கும். ஆகவே கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) சோதனை கட்டாயம். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து, அன்றே கொடுங்கள்.

ஜூலை 27

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். இருக்கிறது என்பார்கள், குழாய் ஒன்று மண்ணுக்குள் போகும், அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள்: 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். சென்னை மழை வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. பெருக்கினால் 1,30,000 லிட்டர். ஆவி, வழிந்தது எல்லாம் போக 80 சதவீதம் பிடித்தாலும் 1,04,000. நாலு பேருக்கு ஆளுக்கு 135 லிட்டர் வீதம் ஆறு மாதத்துக்கு மேல் வரும். இதைக் கிணற்றில் விடுவதற்கு 4 இன்ச் குழாயும் மூன்று அடுக்கு வடிகட்டியும் போதும்: கீழே பெரிய ஜல்லி, நடுவில் சிறு ஜல்லி, மேலே மணல். மரம் உள்ள வீட்டில் மாடிக் குழாய் வாயில் கம்பி வலை போடாவிட்டால் வேப்பஞ்சருகு ஒரே மழையில் அடைத்துவிடும், தேங்கிய தண்ணீர் தளத்துக்குள் இறங்கும்.

ஆகஸ்ட் 10

"வேம்பு வேர் அஸ்திவாரத்தைப் பிளக்கும், வெட்டிவிட்டுத்தான் குடிபோக வேண்டும்" என்று எழுதியவருக்கு. வேர் கான்கிரீட்டைத் தேடிப் போய் உடைப்பதில்லை. களிமண்ணில் மரம் கோடையில் ஈரத்தை உறிஞ்சும்போது மண் சுருங்குகிறது, அந்தப் பக்கம் மட்டும் அஸ்திவாரம் இறங்குகிறது, சுவரில் மூலைவாட்டில் விரிசல் விழுகிறது. செம்மண் சரளையில் இது பெரும்பாலும் நடக்காது. மூன்று அடி தோண்டி, மண்ணை நனைத்து, உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் கனத்துக்கு உடையாமல் நீண்டால் களி. களியானால் பெரிய மரத்துக்கும் சுவருக்கும் 20 அடி இடைவெளி வேண்டும், புதிதாகக் கட்டினால் அடி அகன்ற பைல் போட வேண்டும். மண்ணைப் பார்க்காமல் மரத்தை வெட்டாதீர்கள்.

உண்மையாகவே ஆபத்து ஆலும் அரசும். பறவை எச்சத்தில் வந்து சன்ஷேடு மூலையில் முளைக்கும். இரண்டு இலை விடும்போதே பிடுங்க வேண்டும்.

ஆகஸ்ட் 11

எந்த மரம் நல்லது என்று தொடர்ந்து கேட்கிறீர்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் பாடம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. குல்மோஹர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி ஏராளமாகச் சாய்ந்தன. சிறு மனைக்கு மகிழம், புங்கன், பூவரசு, எலுமிச்சை. முருங்கை காய்க்கும், ஆனால் கிளை சொல்லாமல் முறியும், அடியில் வண்டி நிறுத்த வேண்டாம். தெருவோர மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருந்தால் அடுத்த புயலில் விழுவது அதுதான். மூன்றுக்கு மூன்று அடி மண்ணாவது திறந்திருக்கட்டும்.

செப்டம்பர் 14

கிளை கழிக்கும் மாதம் இது, மழைக்கு முன். வீட்டுப் பக்கத்துக் கிளையை மட்டும் வெட்டினால் மரத்தின் எடை மறுபக்கம் போய்விடும், காற்றுக்கு அந்தப் பக்கமே சாயும். நாலு பக்கமும் சமமாக, உள்ளே காற்று புகுந்து போகும்படி. கிளைக் கழுத்தோடு (கிளை தண்டோடு சேரும் புடைப்பு) ஒட்டி வெட்டுங்கள், முளைக்குச்சி விடாதீர்கள். பொது இடத்து மரத்தில் கை வைக்க மாவட்டப் பசுமைக் குழு அனுமதி வேண்டும்.

சருகை எரிக்காதீர்கள், திடக்கழிவு விதிகளில் தடை. மூன்றடிக் குழியில் சருகும் சாணக் கரைசலும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் எரு.

செப்டம்பர் 28

மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கமும் தேடுபவர்களுக்கு: பள்ளிக்கரணை ராம்சார் (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற சதுப்பு) எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் திட்ட அனுமதி தருவதை நிறுத்தி வைக்கும்படி பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் சொன்னது. அந்த வட்டத்துக்குள் மனைக்கு அட்வான்ஸ் கொடுப்பதை அந்த உத்தரவு இருக்கும்வரை தள்ளிப் போடுங்கள். விமானப்படைத் தளத்தை ஒட்டிய மனைக்கும் உயரக் கட்டுப்பாடும் தடையின்மைச் சான்றும் உண்டு. கட்டுவதற்கு அல்ல, வாங்குவதற்கு முன்பே சி.எம்.டி.ஏ.வில் கேட்டுவிடுங்கள்.

அக்டோபர் 22

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. பிடித்த வீட்டைப் பெருமழை விட்ட இரண்டு மணி நேரத்தில் போய்ப் பாருங்கள், மறுபடியும் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. முதல் தடவை தெருவில் தண்ணீர் நின்றால் பரவாயில்லை. இரண்டாவது தடவையும் நின்றால் வடிகாலுக்கு வழியில்லை. சம்ப்பை (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) எட்டிப் பாருங்கள். தெருத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால் கலங்கிய நிறம் காட்டிக்கொடுக்கும். ஜூன் 9-இல் எழுதிய ஐந்து மட்டங்களை இப்போது நிற்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் போதும், டியூப் கூடத் தேவையில்லை.

நவம்பர் 5

கேள்வி கேட்டவர் தனி வீட்டை முடிவு செய்திருக்கிறார். செலவுக் கணக்கு, 80 லட்சம் என்று வைத்து: முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 7,20,000. வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகமானால் அதன் மேல்தான் கணக்கு. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்பதால் ஒரு சதவீதம், 80,000, வருமான வரியாகப் பிடித்து விற்பவர் பான் எண்ணில் நீங்கள் கட்ட வேண்டும். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் இந்த ஒரு சதவீதம் பொருந்தாது, விகிதம் அதிகம், ஆடிட்டர் இல்லாமல் தொடாதீர்கள்.

75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனுக்குத்தான் சொத்து மதிப்பில் 75 சதவீத வரம்பு. உங்கள் கடன் 30 முதல் 75 லட்சத்துக்குள் வருவதால் வரம்பு 80 சதவீதம், அதாவது 64 லட்சம். பதிவுச் செலவு அதில் சேராது. கையில் 16 லட்சமும் 7,20,000-மும் அதற்கு மேல் ரிப்பேருக்குத் தனியாகவும் இருக்க வேண்டும்.

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம். வெறும் பத்திரத்தாளில் எழுதி அட்வான்ஸ் கொடுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

டிசம்பர் 14

பதிவு முடிந்ததாம். இனி வரிசையாக: பத்திரத்தின் நகலை அன்றே ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். புது வில்லங்கச் சான்று எடுத்து உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டா மாற்றம் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். முழு மனையும் ஒரே உட்பிரிவில் இருந்தால் சர்வேயர் வரத் தேவையில்லை, சீக்கிரம் மாறும். உங்களது அரை கிரவுண்டு, பலர் பெயரில் உள்ள கூட்டுப்பட்டாவிலிருந்து பிரிகிறது, அதனால் சர்வேயர் வர வேண்டும். சர்வேயர் அளக்க வரும் நாளில் பக்கத்து மனைக்காரரும் இருக்கட்டும், கல் நட்டதும் கேட், கிணறு, மாமரம் மூன்றிலிருந்தும் கல்லுக்கு உள்ள தூரத்தை அளந்து எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பிறகு தாம்பரம் மாநகராட்சியில் சொத்துவரிப் பெயர் மாற்றம், மின்வாரியத்தில் இணைப்புப் பெயர் மாற்றம். பழைய ஆள் பெயரில் வரி பாக்கி இருந்தால் அது உங்கள் தலையில் விழும். கடைசி ரசீதைக் கேட்டு வாங்காமல் மீதிச் சாவியை வாங்காதீர்கள்.